மைக் பிடிச்சவங்க... பில் பிடிச்சவங்க!

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போற நம்ம ஆளுங்க கையைக் கவனிச்சிருக்கீங்களா? புத்தம் புது ஃபைல். உள்ளே பிளாஸ்டிக் உறை உறையா சர்ட்டிஃபிகேட். ரங்கோலிப் போட்டியில் பங்கேற்பு, வினாடி வினாவில் பங்கேற்பு, ஒருநாள் பயிலரங்கில் பங்கேற்பு, விழிப்புணர்வுப் பேரணியில் பங்கேற்பு... கல்யாண ஆல்பம் கணக்கா புரட்டிக் காட்டலாம். எதிரில் உட்கார்ந்திருக்கும் எச்.ஆர். மேடமும் பொறுமையாத்தான் புரட்டுவாங்க. முடிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாங்க: ‘‘இதுல நீங்க என்ன செஞ்சீங்க?’’

அங்கேதான் பல பேருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கும். ஏன்னா, அந்த ஃபைலில் இருக்கிற முக்கால்வாசி காகிதம், நீங்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீங்கங்கறதுக்கான சாட்சி மட்டும்தான்!

அதே சமயத்தில், வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருத்தர் இருப்பார். மேடை ஏறினதில்லை, கப் வாங்கினதில்லை. ஆனா, டிபார்ட்மென்ட் விழா நடந்தா பந்தல்காரர்கிட்ட பேசினது அவர்தான். சாப்பாட்டு டோக்கன் எண்ணினது அவர்தான். விழா முடிஞ்சு எல்லோரும் குரூப் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தப்போ, மைக் செட்காரருக்குப் பணம் கொடுத்து ரசீது வாங்கினதும் அவர்தான். அவருக்கு சர்ட்டிஃபிகேட் கிடைக்கலை. ஆனா, ‘என்ன செஞ்சீங்க?’ன்னு கேட்டா அரைமணி நேரம் சொல்றதுக்கு அவர்கிட்ட விஷயம் இருக்கு. கொடுமை என்னன்னா, அது ஒரு விஷயம்ங்கறதே அவருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை முக்கியமா அவருக்குத்தான். மத்தவங்களும் படிக்கலாம், தப்பில்லை!

யாருக்கு நஷ்டம்?

‘பாடத்துக்கு வெளியே’ எதைச் செஞ்சாலும் திறமை வளர்ந்துடும்னு மேடைக்கு மேடை சொல்றாங்க. அப்படியெல்லாம் இல்லை, பாஸ். ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுப் பாருங்க. பரீட்சையில் கோட்டை விட்டா யாருக்கு நஷ்டம்? உங்களுக்கு மட்டும். கருத்தரங்கில் தூங்கிட்டா? அதுவும் உங்களுக்கு மட்டும்தான். ஆனா, என்.எஸ்.எஸ். கேம்ப்ல காய்கறி வாங்கற பொறுப்பு உங்களோடது, நீங்க காலையில் எழுந்திருக்கலைன்னா? 50 பேர் பட்டினி. நீங்க சொதப்பினா அடுத்தவங்க பாதிக்கப்படுவாங்கங்கற இடத்தில்தான் ‘பொறுப்பு’ன்னு ஒண்ணு முளைக்குது. கம்பெனிக்காரங்க ‘டீம் ஒர்க்’, ‘லீடர்ஷிப்’, ‘கம்யூனிகேஷன்’னு பல பேர் வெச்சுக் கேட்கிறதும் பெரும்பாலும் இதைத்தான். நம்மளை நம்பி ஒரு வேலையைக் கொடுத்துட்டு அவங்க நிம்மதியா தூங்கலாமா? அவ்வளவுதான் அவங்க கவலை.

அதனால ஒரு கிளப்பில் சேரும்போது ‘சர்ட்டிஃபிகேட் உண்டா?’ன்னு கேட்காதீங்க. ‘எனக்குன்னு என்ன வேலை?’ன்னு கேளுங்க.

இந்த சர்ட்டிஃபிகேட் மோகத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பொறியியல் மாணவர்களுக்கு 100 செயல்பாட்டுப் புள்ளிகள்னு ஏ.ஐ.சி.டி.இ.யே ஒரு திட்டம் கொண்டு வந்தது. கலை, அறிவியல் கல்லூரிகளில் ‘விரிவாக்கப் பணி’ன்னு ஒரு கிரெடிட் இருக்கு. நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனா, எண்ணிக்கைன்னு ஒண்ணு வந்துட்டா நம்ம மக்கள் வேலையை விட்டுட்டு எண்ணிக்கையைப் பிடிச்சுக்குவாங்க. ரேஷன் கார்டில் முத்திரை குத்தற மாதிரி ஆயிடும்.

கல்ச்சுரல்ஸ் என்கிற கம்பெனி

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ கேள்விப்பட்டிருப்பீங்க. 1974-ல் ‘மார்டி கிரா’ என்ற பேரில் ஆரம்பிச்சு, 1996-ல் ‘சாரங்’ ஆனது. திருச்சி என்.ஐ.டி.யில் ‘ஃபெஸ்டம்பர்’, கிண்டி பொறியியல் கல்லூரியில் ‘டெக்கோஃபெஸ்’னு பெரிய விழாக்கள் வரிசையா இருக்கு. இதையெல்லாம் நடத்துறது மாணவர்கள்தான். அவ்வளவு பெரிசா வேண்டாம், உங்க கல்லூரியில் ஒருநாள் நடக்கிற டிபார்ட்மென்ட் விழாவையே எடுத்துக்குவோம். வெளியில் இருந்து பார்த்தா ஆட்டம், பாட்டம். உள்ளே புகுந்து பார்த்தா அது ஒரு குட்டி கம்பெனி!

முதல்ல, அனுமதிக் கடிதம். இது சாதாரண சமாச்சாரம் இல்லை. துறைத் தலைவர் வழியா முதல்வருக்குப் போகணும். எந்தத் தேதி, எந்த அரங்கம், எத்தனை பேர், செலவு எவ்வளவு, யார் பொறுப்புன்னு ஒரே பக்கத்தில் இருக்கணும். ‘விழா சிறப்பாக நடைபெற அனுமதி வேண்டுகிறோம்’னு மொட்டையா எழுதினா, ‘என்ன விழா?’ன்னு திரும்பி வரும். ரெண்டு தடவை திரும்பி வந்தப்புறம், மூணாவது கடிதத்தை முதல்வரோட இடத்தில் இருந்து யோசிச்சு எழுத ஆரம்பிப்பீங்க. அவருக்கு என்ன பயம்? கூட்டம் கட்டுக்கடங்காம போயிடுமோ, வெளியாட்கள் வந்துடுவாங்களோ, பொண்ணுங்க வீடு திரும்ப நேரமாயிடுமோ... இதுக்கெல்லாம் கடிதத்திலேயே பதில் இருந்தா கையெழுத்து விழும். படிக்கிறவரோட கவலையை உணர்ந்து எழுதறது! நாளைக்கு ஆபீஸில் கிளையன்ட்டுக்கு மெயில் எழுதும்போது இதேதான் வேணும். பிசினஸ் கம்யூனிகேஷன் பேப்பரில் 80 மார்க் வாங்கினவங்களுக்கும் இது தானா வந்துடாது.

அடுத்தது ஸ்பான்சர். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கினவங்களுக்குத் தெரியும், அந்த வலி. ‘முதலாளி இல்லை, அப்புறம் வாங்க’, ‘போன வருஷமே கொடுத்தோமே’, ‘எங்க கடைக்கு காலேஜ் பசங்க வர்றதே இல்லையே...’ இருபது கடை ஏறினா ரெண்டு கடையில் தருவாங்கன்னு வெச்சுக்கங்க. மத்த பதினெட்டு ‘இல்லை’யையும் முகம் சுளிக்காம வாங்கிட்டு, பத்தொன்பதாவது கடையில் அதே சிரிப்போட நிக்கணும். சேல்ஸ் வேலைக்கு வேற பயிற்சியே வேண்டாம். இதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. ‘உதவி பண்ணுங்க சார்’னு கேட்கிறவங்களை விட, ‘சார், 600 பேர் வர்றாங்க, அதுல 400 பேர் ஹாஸ்டல். உங்க ஜூஸ் கடைக்கு வாசல்லயே பேனர் கட்டித் தர்றோம்’னு கேட்கிறவங்க கையில்தான் காசு வரும். கேட்கிறது நன்கொடை இல்லை, கடைக்காரருக்கு ஒரு லாபத்தைக் காட்டறோம்னு புரிஞ்ச அன்னிக்கு நீங்க மார்க்கெட்டிங்கில் முதல் பாடம் பாஸ்!

விழா அன்னிக்கு நடக்கிற கூத்து தனி. சிறப்பு விருந்தினர் கார் டிராஃபிக்கில் மாட்டிக்கும். டான்ஸ் குரூப்போட பென் டிரைவ் வேலை செய்யாது. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துடும். திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லுது. மணி ஒன்பதரை ஆகியும் இன்னும் நாலு நிகழ்ச்சி பாக்கி இருக்கும். எதை வெட்டறது? வெட்டினதை அந்த டீம்கிட்ட யார் போய்ச் சொல்றது? இந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு முடிவெடுத்து, திட்டு வாங்கி, அப்புறமும் மேடையை நடத்தினவங்களுக்கு இன்டர்வியூவில் ‘நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீங்க?’ன்னு கேட்டா கூகுள் பண்ண வேண்டிய அவசியமில்லை.

இத்தனைக்கும் நடுவில் யாரும் சீந்தாத நாற்காலி ஒண்ணு இருக்கு: பொருளாளர்! கல்ச்சுரல் செகரட்டரி பதவிக்கு அடிதடி நடக்கும். பொருளாளர்னா எல்லோரும் எஸ்கேப். நான் சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டு அதைக் கேட்டு வாங்குங்க. முன்பணம் வாங்கறது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம்னு அன்னன்னிக்கே எழுதறது, பில்லே தராத பூக்காரம்மாகிட்ட வவுச்சரில் கையெழுத்து வாங்கறது, மீதிப் பணத்தையும் பில்லையும் ஒட்டி ஆபீஸில் கணக்கு முடிக்கிறது... கல்லூரி அலுவலக சூப்பரின்டெண்ட் ஒரு கணக்கை ‘சரி’ன்னு ஒத்துக்கிட்டார்னா அந்தக் கணக்கு எந்த ஆடிட்டர்கிட்டயும் நிக்கும்! பி.காம். படிக்கிறவங்க மூணு வருஷம் புத்தகத்தில் படிக்கிற விஷயத்தை ஒரு விழாவில் கையால் செஞ்சு பார்க்கிறது இங்கேதான். அதை விட முக்கியம், அடுத்தவங்க பணம் உங்க கையில் இருந்தது, பைசா சுத்தமா திரும்பினது. எந்த முதலாளிக்கும் காது குளிர்ற வாக்கியம் இது.

ஏழு நாள், ஏழரைக் கிலோ

என்.எஸ்.எஸ்.ஸுக்கு வருவோம். காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோட தொடங்கின திட்டம். ரெண்டு வருஷத்தில் 240 மணி நேரப் பணி, ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம். 100 பேர் கொண்ட ஒரு அணியில் இருந்து 50 பேர் முகாமுக்குப் போவாங்க. பல பேர் இதை ‘புல்லு புடுங்கற வேலை’ன்னு கிண்டல் பண்ணுவாங்க. சில கல்லூரிகளில் நிஜமாவே புல்லு புடுங்கறதோட முடிஞ்சும் போயிடுது. அது ஒரு தனி சோகம்.

ஆனா ஒழுங்கா நடக்கிற ஒரு முகாமை யோசிச்சுப் பாருங்க. முன்னப்பின்ன தெரியாத ஒரு ஊர். தங்கறது பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில். ஆளுக்கு 150 கிராம் அரிசின்னு போட்டா 50 பேருக்கு ஒரு வேளைக்கு ஏழரைக் கிலோ. இது ஹாஸ்டல் சமையல்காரருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. முதல் நாள் சோறு மிஞ்சும், ரெண்டாவது நாள் பத்தாது, மூணாவது நாள்தான் அளவு பிடிபடும். இருக்கிறதை வெச்சு, நாளைக்கு என்ன தேவைன்னு இன்னிக்கே கணக்கு போடறது! தொழிற்சாலையில் ‘பிளானிங்’ டிபார்ட்மென்ட்னு தனியாவே இருக்கு பாஸ், இதே வேலைக்கு.

அப்புறம் ஊர்க்காரங்க. ‘கழிப்பறை கட்டுங்க’, ‘குப்பையைப் பிரிங்க’ன்னு ஊருக்குள்ள போய் நின்னா, ‘முதல்ல எங்க தெருவுக்குத் தண்ணி வரச் சொல்லு தம்பி’ன்னு ஒரு பாட்டி நறுக்குன்னு கேட்டுடுவாங்க. அங்கே உங்க பவர்பாயின்ட் எல்லாம் செல்லாது. உட்காரணும். கேட்கணும். அந்தப் பாட்டி சொன்னதை நோட்டில் எழுதி, பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட மனுவா கொடுக்கணும். மாமனாரோ மருமகளோ, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு மாதிரி பேசணும். வீடு வீடா சர்வே எடுத்து, எத்தனை வீட்டில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைங்க இருக்குன்னு அட்டவணை போட்டீங்கன்னா, அது உங்க பேரில் நிக்கிற முதல் ஆய்வு. சமூகப்பணி படிக்கிறவங்களுக்கும், தொண்டு நிறுவன வேலைக்குப் போக நினைக்கிறவங்களுக்கும் இதை விடப் பெரிய தகுதி அந்த வயசில் கிடையாது.

இதே மாதிரி இன்னொரு சத்தமில்லாத வேலை, ரத்ததானப் பட்டியல். 18 வயசு ஆகியிருக்கணும், எடை 45 கிலோவாவது இருக்கணும், ஒருமுறை கொடுத்த பிறகு ஆண்கள் மூணு மாசமும் பெண்கள் நாலு மாசமும் இடைவெளி விடணும். உங்க கல்லூரியில் யார் யார் என்ன குரூப், கடைசியா எப்போ கொடுத்தாங்கன்னு ஒரு எக்ஸெல் ஷீட்டை ரெண்டு வருஷம் விடாம பராமரிச்சுப் பாருங்க. ராத்திரி 11 மணிக்கு ஜி.எச்.சில் இருந்து போன் வந்தா, அஞ்சு நிமிஷத்தில் ‘ஓ நெகட்டிவ், இப்போ கொடுக்கத் தகுதியானவங்க மூணு பேர், இந்தாங்க நம்பர்’னு சொல்ல முடியணும். டேட்டாபேஸ் பாடத்தில் ‘தகவல் புதுப்பிக்கப்படாவிட்டால் பயனற்றது’ன்னு படிப்பீங்க. இங்கே புதுப்பிக்கலைன்னா என்ன ஆகும்னு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

என்.சி.சி.யைப் பத்தி ஒரு நேரடித் தகவல். இது வெறும் ‘ஸ்கில்’ கதை இல்லை. சி சர்ட்டிஃபிகேட்டில் குறைஞ்சது ‘பி’ கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவிகித மார்க் இருந்தா, ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலே நேரா எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம். ‘என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி’ன்னு பேர். தேர்வானா சென்னை பரங்கிமலையில் இருக்கிற ஓ.டி.ஏ. மாதிரியான அகாடமியில் பயிற்சி. வயது வரம்பு மாதிரி விஷயங்களுக்கு அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாருங்க. ராணுவமே வேண்டாம்னாலும் அந்தப் பயிற்சி வீண் போகாது. நம்ம மேடி, அதாங்க மாதவன், கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சப்போ என்.சி.சி. கேடட். தேர்வான கேடட்களில் ஒருத்தரா இங்கிலாந்து போய் பிரிட்டிஷ் ராணுவத்தோட பயிற்சி எடுத்தவர். 2000-ல் ‘அலைபாயுதே’ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, மேடைப் பேச்சு, ஆளுமை வளர்ச்சி வகுப்புகள் எடுத்துத்தான் சம்பாதிச்சார். பைக்கில் சாய்ஞ்சு நின்னு சிரிக்கிறது மட்டும் இல்லை, மேட்டர் இருக்கு!

பொறியியல் ஆளுங்களுக்கு ரெண்டு வரி. இந்தியாவில் 2007-ல் ஆரம்பிச்ச ‘பாஹா’ போட்டியில் ஒரு ஆள் ஓட்டற வண்டியை நீங்களே டிசைன் பண்ணி, கட்டி, ஓட்டிக் காட்டணும். அதோட செலவுக் கணக்கையும் நடுவர்கள் முன்னாடி நியாயப்படுத்தணும். 2017-ல் தொடங்கின ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ல ஆறு பேர் டீம், அதுல ஒரு பெண்ணாவது கட்டாயம், சாஃப்ட்வேர் பிரிவின் இறுதிச் சுற்று விடாம 36 மணி நேரம். ராத்திரி மூணு மணிக்கு கோடு ஓடலை, டீமில் ரெண்டு பேருக்குள்ள முட்டிக்கிச்சுன்னா, யார் சமாதானம் பண்ணி வெச்சாங்கன்னு ஞாபகம் வெச்சுக்கங்க. இன்டர்வியூவில் கோடை விட அந்தக் கதைக்கு மதிப்பு ஜாஸ்தி.

அஞ்சேகால் பஸ்

‘இதெல்லாம் ஹாஸ்டல் பசங்களுக்கு சரி. எங்க ஊருக்குக் கடைசி பஸ் அஞ்சேகாலுக்கு!’

இந்தக் குரல் எனக்குக் கேட்குது. நியாயமான குரல். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் நிறைய பேர் பஸ் மாறி வர்றவங்க. பல கல்லூரிகளில் ஷிப்ட் முறை. காலை ஷிப்ட் முடிஞ்ச கையோட ஜவுளிக்கடைக்கோ, கூரியர் ஆபீஸுக்கோ ஓடணும். பெண்கள்னா இன்னும் ஒரு படி மேலே: ‘ஆறு மணிக்குள்ள வீட்டில் இருக்கணும்’. குடும்பத்தில் முதல் ஆளா கல்லூரி வாசல் மிதிச்சவங்களுக்கு ‘கிளப்’னாலே ஏதோ பணக்காரப் பசங்க சமாச்சாரம் மாதிரி தோணும்.

தோணறது தப்பும் இல்லை. லாரன் ரிவேரான்னு ஒரு அமெரிக்க சமூகவியல் பேராசிரியர், அங்கே இருக்கிற பெரிய வங்கி, சட்ட, ஆலோசனை நிறுவனங்கள் எப்படி ஆள் எடுக்குதுன்னு கூடவே இருந்து பார்த்து 2015-ல் ‘பெடிக்ரீ’ங்கற புத்தகம் எழுதினாங்க. பாடத்துக்கு வெளியே என்ன செஞ்சேங்கற கேள்வி, நடைமுறையில் வசதியான வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சாதகமா முடியுதுன்னு அதுல விளக்குறாங்க. காசும் நேரமும் செலவழிச்சு ஆடற ஆட்டங்களுக்குத்தான் அங்கே மவுசு. ஊர் வேற, கம்பெனி வேற. ஆனா, கிடார் வாசிக்கத் தெரிஞ்ச பையனுக்கும் அப்பாவோட இட்லிக் கடையில் கல்லா பார்க்கிற பையனுக்கும் நடுவில் நம்ம ஊர் இன்டர்வியூவிலும் அதே ஓரவஞ்சனை நடக்கலாம்.

அதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, நீங்க பார்க்கிற பகுதிநேர வேலையை மறைக்காதீங்க. ‘பார்ட் டைமா ஜவுளிக்கடையில் நின்னேன்’னு சொல்ல வெட்கப்பட்டு, போகாத பயிலரங்கை ரெஸ்யூமில் போடறவங்க இருக்காங்க. தீபாவளி நேரத்தில் ஒரு நாளைக்கு நூறு குடும்பத்துக்குப் புடவை விரிச்சுக் காட்டி, வாங்காம போனவங்களையும் சிரிச்சு வழியனுப்பின ஆளுக்கு ‘கஸ்டமர் சர்வீஸ்’ பத்தி எந்த பயிலரங்கு என்ன புதுசா சொல்லிடப் போகுது? எந்தக் கடை, எத்தனை மாசம், என்ன பொறுப்புன்னு ரெஸ்யூமில் போடுங்க. தங்கச்சி ஸ்காலர்ஷிப்புக்காக தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை அலைஞ்சு வருமானச் சான்றிதழ் வாங்கினது, தெருவில் பத்தாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறது... இதுவும் கணக்கில் சேரும்.

ரெண்டாவது, சாயங்காலம் தங்காமலே செய்யக்கூடிய வேலைகளைக் கேட்டு வாங்குங்க. கணக்கு எழுதறது, போஸ்டர் டிசைன், ஆண்டு மலருக்குப் படைப்புகளைத் திருத்தறது, ரத்ததானப் பட்டியல், பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடத்தைப் படிச்சு போனில் பதிவு பண்ணித் தர்றது - இதில் பலதை மதிய இடைவேளையிலும் பஸ்ஸிலுமே முடிக்கலாம். கிளப் நடத்துற சீனியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மீட்டிங்கை சாயங்காலம் ஆறு மணிக்கு வெச்சுட்டு ‘டே ஸ்காலர்ஸுக்கு ஆர்வமே இல்லை’ன்னு சலிச்சுக்காதீங்க. மதியம் ஒரு மணிக்கு வெச்சுப் பாருங்க, யார் வர்றாங்கன்னு தெரியும்.

சினேகிதனோட சினேகிதன்

கிளப்பால இன்னொரு லாபம், நீங்க கவனிக்காமலே நடக்கும். 1973-ல் மார்க் கிரானோவெட்டர்ங்கற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். தெரிஞ்சவங்க மூலமா புது வேலைக்கு மாறினவங்களைக் கேட்டிருக்கார்: ‘தகவல் சொன்னவர் எவ்வளவு நெருக்கம்?’ பெரும்பாலானவங்க சொன்னது, எப்பவாவதோ அபூர்வமாவோ பார்க்கிற ஆள்தான்! காரணம் சிம்பிள். உங்க உயிர் நண்பனுக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒரே டீக்கடை. வேற டிபார்ட்மென்ட் சீனியர், பக்கத்துக் காலேஜ் என்.எஸ்.எஸ். செகரட்டரி, முகாமுக்கு வந்த டாக்டர் - இவங்களுக்குத் தெரிஞ்சது வேற உலகம். அந்த உலகத்துக்குக் கதவு, சேர்ந்து ஒரு வேலை செஞ்சா மட்டும்தான் திறக்கும். விழா முடிஞ்ச மறுநாள் ஒரு நன்றி மெசேஜ் தட்டி விடுங்க. வருஷத்துக்கு ஒரு பொங்கல் வாழ்த்து. போதும்.

சொல்லத் தெரியணுமே!

செஞ்சது நிறைய, சொல்லத் தெரியலைங்கறதுதான் நம்ம ஊர்ப் பிள்ளைங்களோட தேசிய வியாதி. ‘ஐ ஆம் என்.எஸ்.எஸ். வாலன்டியர் சார்’ - முடிஞ்சது. எதிரில் இருப்பவருக்கு அதுல இருந்து என்ன தெரியும்? இப்படிச் சொல்லிப் பாருங்க:

‘‘ஏழு நாள் முகாமில் 50 பேருக்குச் சாப்பாட்டுப் பொறுப்பு என்னோடது. முதல் நாள் சாப்பாடு நிறைய மிஞ்சிப் போச்சு. அன்னிக்கு ராத்திரியே, மறுநாள் எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு முன்கூட்டியே பேர் எழுதற பழக்கத்தைக் கொண்டு வந்தேன். நாலாவது நாளில் இருந்து மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. கொடுத்த பணத்துக்குள்ள செலவு முடிஞ்சது.’’

என்ன நிலைமை, என் வேலை என்ன, நான் என்ன செஞ்சேன், என்ன ஆச்சு - இந்த நாலும் அதில் இருக்கு. கூடவே ஒரு எண்ணும் இருக்கு. இங்கிலீஷ் தகராறா? பரவாயில்லை. சின்னச் சின்ன வாக்கியமா முன்கூட்டியே எழுதி, கண்ணாடி முன்னாடி நின்னு, வேண்டாம், ஃப்ரெண்டுகிட்டயே பத்து தடவை சொல்லிப் பாருங்க. நீங்க நிஜமா செஞ்ச வேலைன்னா வார்த்தை எப்படியாவது வந்துடும். செய்யாததைச் சொன்னா, ‘அரிசி எங்கே வாங்கினீங்க?’ன்னு ரெண்டாவது கேள்வியிலேயே வண்டி நின்னுடும்.

‘நாங்க செஞ்சோம்... நாங்க பண்ணோம்’னே பேசறதும் ஒரு பிரச்னை. நமக்கு ‘நான்’னு சொல்ல கூச்சம். டீமுக்குரிய பெருமையை டீமுக்குக் கொடுத்துட்டு, ‘அதுல என் பங்கு இது’ன்னு ஒரு வரி சேர்த்துக்கங்க. அது தற்பெருமை ஆகாது, கேட்ட கேள்விக்குப் பதில்!

கடைசியா சில கண்டிப்பு

அரியரை வெச்சுக்கிட்டு கல்ச்சுரல்ஸில் குதிக்காதீங்க. கேம்பஸுக்கு வர்ற பல கம்பெனிகள் ‘60 சதவிகிதம், நிலுவை அரியர் கூடாது’ன்னு வாசல்லயே ஒரு கயிறு கட்டி வெச்சிருக்காங்க. அந்தக் கயிற்றைத் தாண்டினாத்தான் உங்க கதையைக் கேட்க ஆள். எட்டு கிளப்பில் பேர் கொடுத்து எட்டிலும் காணாம போறதை விட, ஒண்ணில் ரெண்டு வருஷம் இருங்க. முதல் வருஷம் சொன்னதைச் செய்வீங்க, ரெண்டாம் வருஷம் ஜூனியர்களை வெச்சுச் செய்ய வைப்பீங்க. ரெண்டும் வேற வேற வித்தை.

அதே மாதிரி, பொறுப்புங்கற பேரில் எடுபிடி வேலை மட்டும் உங்க தலையில் விழுதான்னும் பாருங்க. எல்லா விழாவுக்கும் பொண்ணுங்கன்னா பன்னீர் தெளிச்சு குத்துவிளக்குப் பக்கத்தில் நிக்கணும், பசங்கன்னா நாற்காலி தூக்கணும். இதையே மூணு வருஷம் செஞ்சா புதுசா எதுவும் கத்துக்க முடியாது. ‘இந்தத் தடவை பட்ஜெட் நான் போடறேன் சார்’னு ஒருமுறை கேளுங்க. அனேகமா சந்தோஷமா கொடுத்துடுவாங்க. அந்த வேலைக்குத்தான் யாருமே கேட்டு வர்றதில்லையே!

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம்: தேதி, உங்க வேலை, எத்தனை பேர், எவ்வளவு பணம், எது சொதப்பினது, எப்படிச் சரி பண்ணீங்க. முடிஞ்ச வாரமே எழுதிடுங்க; ஃபைனல் இயரில் உட்கார்ந்து யோசிச்சா சாப்பாடு நல்லா இருந்தது மட்டும்தான் ஞாபகம் வரும். நீங்க எழுதின அனுமதிக் கடிதம், போட்ட பட்ஜெட், முடிச்ச கணக்கு எல்லாத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதே நோட்டில் சொருகி வைங்க. சர்ட்டிஃபிகேட் வாங்கினா அங்கேயே நின்னு பேர், இனிஷியல், தேதி, மணி நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. தப்பா இருந்தா அன்னிக்கே திருத்தி வாங்கிடணும். அடுத்த வருஷம் அந்த புரோகிராம் ஆபீசர் வேற ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகியிருப்பார்.